கதையில் நடந்த கலியாணம்

ஆவணி 14, வியாழன்

எழுத வேண்டியவை: 1. என் கதையைத் திருத்தச் சொன்னது. 2. நான் எதிர்த்து வாய் திறக்காதது. 3. கோழைகள் அவர்கள்தான்.

வாசிகசாலை மலருக்குக் கொடுத்த கதையில், யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு குடியேறிய வீட்டுப் பெண், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத்துப் பையனைக் கலியாணம் செய்கிறாள். இன்று கூட்டத்தில் தலைவர், "மாஸ்டர், பெடியனையும் யாழ்ப்பாணமாக்கி விடுங்கோ. இல்லாட்டிக் கடைசியில அவனைப் பாம்பு கடிக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யோசிப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்துதான், அவர்கள் கோழைகள் என்று கத்தினேன். மகள் சோறு போட்டபடி, "கதையில அந்தப் பெட்டையின்ர தகப்பனை ஏனப்பா முதலே சாகடிச்சனீங்கள்? அவர் இருந்தால் கலியாணம் நடக்காதெண்டோ?" என்றாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது, தனியாக இருக்கிறாள். அவள் விரும்பிய மலையகத்துப் பையனை வேண்டாமென்றவன் நான்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.