குதிரையில் ஏற்றிவிட்ட மருமகனுக்கு

மருமகனுக்கு,

மாதாவின் துணையால் முல்லைத்தீவு வந்து சேர்ந்தேன். இடுப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நுவரெலியா மலை முழுவதும் தனியாகக் குதிரை ஓட்டினேன், மேகம் என் முழங்காலுக்குக் கீழே போனது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். குதிரைக்காரன் கயிற்றைப் பிடித்து நடந்ததைச் சொல்லவில்லை. சரிவில் குதிரை ஒரு பக்கம் சாய, வள்ளத்தில் செய்வதுபோல நான் மறுபக்கம் பாய்ந்து சாய்ந்தேன். "ஐயா, இது தோணி இல்லீங்க, சும்மா உக்காருங்க" என்று அவன் கத்த முன்னமே தேயிலைக்குள் கிடந்தேன்.

அதற்குக் கோபம் இல்லை. தகப்பன் இல்லாத உன் தங்கச்சியைக் கோயில் பீடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போக வா என்று கேட்கத்தான் வந்தேன். நான் திரும்பி வருவேன் என்று அவளைக் கட்டப்போகிற பெடியன் பிணை நின்றுதான் ஊரைவிட்டு வெளியே போக இயக்கத்திடம் எனக்குப் பாஸ் கிடைத்தது. நீயோ, "மாமா, முதல்ல குதிரையில ஒருக்கா மலையைச் சுத்திப்போட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்றாய். இறங்கி வந்தால் நீ இல்லை. என் பையைக் குதிரைக்காரனின் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். உள்ளே வந்தால் இயக்கம் உன்னைத் திரும்ப வெளியே விடாது என்ற பயம் எனக்கு விளங்காதா? அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?

உன் அம்மா வாசல் படலையிலேயே கேட்டா: "தம்பி, பிள்ளை வாறானாமோ?"

"ஓமக்கா, கண்கலங்கிப்போய் வாறன் எண்டவன்" என்றேன். என் வாய் அப்படி. அவ உடனே கலியாணத்துக்குப் போட உனக்குச் சேட்டுத்துணி எடுத்து, நீ ஊரைவிட்டுப் போகும்போது இருந்த அளவுக்கே தைக்கக் கொடுத்துவிட்டா.

இனி நீயே எழுதி அவவுக்குச் சொல்லு. நான் சொல்லமாட்டேன்.

கோபம் ஆறாத,
உன் தாய்மாமன்