அழாத பிள்ளை

பிப்ரவரி 11, 2009
சீரக அறுப்பு தொடங்கிவிட்டது. குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகிறது. மகள் சுகனியை ஓரகத்தி மோஹரி அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். ஒன்பது மாதப் பிள்ளை, பகலெல்லாம் ஒரு சிணுங்கல் இல்லையாம்! பக்கத்து வயல் ஜம்னாவுக்கு வயிற்றெரிச்சல். "பெத்தது புள்ளையாடி, பொம்மையா?" என்றாள். எனக்குப் பெருமைதான்.

பிப்ரவரி 19
முத்தம் கொடுத்தேன். பிள்ளையின் உதட்டில் கசப்பு. வேப்பங்கொழுந்தாக இருக்கும்.

பிப்ரவரி 27
ஜம்னாவின் மகன் தவழ்ந்து வந்து என் பாவாடையை இழுக்கிறான். அவனுக்கும் சுகனி வயதுதான். வீட்டுக்கு வந்து சுகனியைக் கூப்பிட்டேன், தட்டைத் தட்டினேன். கூரையையே பார்க்கிறாள். ஏன்? யாரிடம் கேட்பது?

மார்ச் 3
பாதி வேலையில் திரும்பினேன். மாடத்தில், ஊர் வழக்கப்படி விருந்தாளிகளுக்குக் கொடுக்க வைத்திருக்கும் அபின் டப்பி திறந்திருந்தது. அக்கா விரலில் தொட்டுப் பிள்ளை வாயில் தடவுகிறாள். கத்தினேன்.

"எதுக்குடி ஊரக் கூட்டுற? எம் புள்ளையும் இதுலதான் வளந்தான். செத்தா போயிட்டான்?"

சாகவில்லைதான். பதினாறு வயதில் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டத் தெரியாமல் வாசலில் கிடக்கிறான். பாவி, இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லையே!

மார்ச் 4
அங்கன்வாடி டீச்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் சொன்னார்: "மூளை வேர் பிடிக்கிற வயசும்மா இது. தூங்கிப்போன மாசத்த யாராலயும் திருப்பித் தர முடியாது. இனியாவது புள்ளைகிட்ட பேசிக்கிட்டே இரு." இனி வயலுக்கு வரமாட்டேன் என்றதற்கு என் வீட்டுக்காரர், அறுப்பு முடியட்டும் என்றார். சீரகம் உதிர்ந்தால் உதிரட்டும் என்றேன்.

மார்ச் 9
அழுகிறாள். அபின் நின்ற உடம்பு, நடுங்கி நடுங்கி அழுகிறாள். அழட்டும்.

மார்ச் 2, 2014
ஆஸ்பத்திரி வராந்தா. நான்கு மாத மகன் பிழைத்துவிட்டான். ஊசி போட்டதும் வீறிட்டான், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சுகனிக்கு ஆறு வயதாகப்போகிறது. இரண்டுக்கு மேல் எண்ண வரவில்லை. எத்தனை சொல்லிக்கொடுத்தும் மறுநாள் இல்லை. தம்பி மேல் மட்டும் உயிர். இன்று காலையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். தூளியில் அவன் அழுதுகொண்டிருந்தான். சட்டென்று நின்றது. ஓடினேன்.

"தம்பி அழுவலம்மா. பெரியம்மா அவங்க மக பாப்பாவுக்குச் செய்வாங்கல்ல, அது மாதிரி நாந்தான் தூங்க வெச்சேன். நான் சமத்துதானே?"

அவள் விரலைப் பிடித்து நக்கிப் பார்த்தேன். கசந்தது.