கதவருகே பெரிய சிஸ்டர்

மார்ச் 3

அன்பான பெரிய சிஸ்டருக்கு,

இந்த நடுராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தான். பல் முளைக்கிறது, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் அவனைத் திட்டுங்கள். போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

உங்கள் மகன் வீடு பழகிவிட்டதா? முழங்கால் எப்படி இருக்கிறது? காப்பகத்தில் பெரியவர்கள் யாரும் உங்களை விசாரிப்பதில்லை. கோபப்படாதீர்கள். நீங்கள் வேலையை விட்டுப் போனதாகவே அவர்கள் நினைக்கவில்லை. காலையில் வண்டியை விட்டு இறங்கியதும், நீங்கள் எப்போதும் நிற்கும் கூடத்துக் கதவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இல்லாமல் மறதிக்காரப் பெரியவர்களுக்கான பகல் காப்பகம் நடத்தக் கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? முதலாளி உங்கள் சான்றிதழைச் சட்டம் போட்டபடி அலுவலக அறைச் சுவரிலேயே விட்டுவைத்திருக்கிறார். "புது நர்ஸ் கிடைக்கிற வரைக்கும் நீங்களே மாத்திரை குடுங்க டீச்சர். டிகிரி படிச்சவங்கதானே, இது என்ன பெரிய வித்தையா?" என்கிறார். நான் படித்தது மனோதத்துவம். ஞாபக விளையாட்டும் பாட்டும் நடத்த வந்தவள். கையில் இருப்பது முதலுதவிப் பயிற்சிச் சீட்டு ஒன்றுதான்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நடு ஃபேன் நின்றுபோனது. எல்லோரையும் ஜன்னல் பக்கம் மாற்றி உட்கார வைத்தோம். மாத்திரைத் தட்டு மட்டும் பழைய நாற்காலி வரிசைப்படியே இருந்தது. நீங்கள் முகம் பார்த்துக் கொடுப்பீர்கள். நான் வரிசை பார்த்துக் கொடுக்கிறவள். போஸ்ட்மாஸ்டர் ஐயா கையில் அடுத்தவருடைய சர்க்கரை மாத்திரையை வைத்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அவர் விழுங்கவில்லை. கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது பக்கத்து சீட்டோடதாம்மா. பெரிய சிஸ்டர் சொல்றாங்க," என்றார்.

கதவருகே யாரும் இல்லை. மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. என்ன செய்யட்டும்?

அன்புடன்,
உங்கள் டீச்சர்


மார்ச் 11

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் ஈறில் சுத்தமான விரலால் மெதுவாகத் தேய்த்துவிடு, அழுகை அடங்கும்.

பேய்க்கதையை விடு. போஸ்ட்மாஸ்டருக்கு மகள் பெயர் மறக்கும், மாத்திரை மறக்காது. தன் ரத்த அழுத்த மாத்திரை வெள்ளையாக, நீளமாக இருக்கும் என்று தினமும் அவர் வாயால் சொல்லவைத்துத்தான் கொடுப்பேன். வேறு மாதிரி ஒன்றைப் பார்த்ததும் மனுஷன் உஷாராகிவிட்டார். என் பெயரைச் சொன்னது பழக்கதோஷம்.

என்னைப் பயமுறுத்துவது நீ எழுதிய மற்றொன்று. உன் படிப்பு நல்ல படிப்பு. அந்தப் பெரியவர்களைச் சிரிக்கவைக்க உன்னைப் போல எனக்கு வராது. ஆனால் ஒருவருக்கு வியர்த்தால் அது வெயிலா, சர்க்கரை இறங்குகிறதா, நெஞ்சா என்று பார்த்துச் சொல்ல உனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதற்குத்தான் நர்ஸ் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், முதலாளியைத் தொந்தரவு செய்ய அல்ல. நாளைக்கு ஒன்று ஆனால் அவர் கையை விரித்துவிடுவார். கைக்குழந்தைக்காரி நீதான் மாட்டுவாய்.

சான்றிதழை இறக்கச் சொல். நான் இல்லாத இடத்தில் என் பெயர் காவல் நிற்க வேண்டாம்.

இங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு, வேலை ஒன்றுமில்லை. மத்தியானம் நாற்காலியிலேயே கண் சொக்கிவிடுகிறது. விழிக்கும்போது கால் அப்படி வலிக்கிறது, நாள் முழுக்கக் கூடத்தில் நடந்தவளைப் போல. மருமகள் கேட்டால் சிரிப்பாள். நீயும் சிரி.

ஆசியுடன்,
பெரிய சிஸ்டர்


மார்ச் 17

அன்பான சிஸ்டருக்கு,

நான் சிரிக்கவில்லை.

நீளமான வெள்ளை மாத்திரை இப்போது வருவதில்லை. நீங்கள் போன பிறகு மருந்துக்கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுக்கிறார். அதுவும் சர்க்கரை மாத்திரையும் ஒரே மாதிரி, வெள்ளையாக, உருண்டையாக. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஐயாவுக்கு எப்படித் தெரிந்தது? அது நடந்தது மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு. நீங்கள் கண் சொக்கும் நேரம்.

சான்றிதழைப் பற்றி முதலாளியிடம் பேசினேன். "வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன் வெச்சுக்கிட்டு இப்பப் போய் ஆணியைப் பிடுங்கச் சொல்றீங்களே. அந்தம்மா ஒரு நாள் லீவுன்னு சொல்லிடுவோம். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்," என்றார். வேலை போனால் வீட்டு வாடகை இடிக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்று சொன்னால் திட்டுவீர்கள். இப்போதெல்லாம் மாத்திரை கொடுக்கும் முன் நானும் கதவைப் பார்க்கிறேன். "சரிதானே சிஸ்டர்?" என்று வாய் தானாகக் கேட்கிறது. ஐயா தலையாட்டிய பிறகுதான் கொடுக்கிறேன். இது பைத்தியமா, பயமா?

உங்கள் டீச்சர்


ஏப்ரல் 9

அன்பான சிஸ்டருக்கு,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் வரவில்லை. என் மேல் வருத்தமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன கடிதத்தில் எழுதிய அந்த வியாழக்கிழமையே அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண்மணி, சிரித்த முகம். கழிப்பறைக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், தீயணைப்பான் தேதி பார்த்தார், சமையல்காரர் நகத்தைக்கூடப் பார்த்தார். உங்கள் சான்றிதழ் முன்னால் நின்று, "இவங்க எங்க?" என்றார்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு மேடம்," என்றார் முதலாளி.

போஸ்ட்மாஸ்டர் ஐயாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். "யாரு லீவு? அந்தா நிக்கிறாங்க. காலையில இருந்து உட்காரக்கூட இல்ல, பாவம்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டார், யாரோ தாண்டிப் போக வழி விடுவது போல. நான்கைந்து பேர் தலையை மெல்லத் திருப்பினார்கள். எல்லாத் தலையும் ஒரே வேகத்தில், ஒரே பக்கம். கதவிலிருந்து தண்ணீர்க்குடம் வரை. நீங்கள் நடக்கிற வேகம் அது சிஸ்டர். எனக்குத் தெரியும்.

முதலாளி சிரித்து மழுப்பினார். "மறதிக்காரங்க மேடம், எதையாவது சொல்லுவாங்க." அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. நர்ஸ் இருக்காங்களா, இல்லையா?" என்றார்.

குழந்தையின் முகம் வந்து நின்றது. வாடகை வந்து நின்றது. ஐயாவின் உள்ளங்கையில் இருந்த மாத்திரையும் வந்து நின்றது.

"இல்ல மேடம். வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. மாத்திரை நான்தான் குடுக்கறேன். எனக்கு அந்தப் படிப்பு இல்ல," என்றேன்.

"பொய் சொல்லாத டீச்சர்," என்றார் தையல்காரம்மா. "பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டே இல்லங்கறியே. அவ மனசு என்ன பாடுபடும்?"

அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். தகுதியான நர்ஸ் வரும்வரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரும் காப்பகத்துக்கு வரக் கூடாது. முதலாளி என்னுடன் பேசுவதில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. பாதி நாற்காலிகள் காலி. போஸ்ட்மாஸ்டர் ஐயா வீட்டில் இருக்கிறார். மகள் மாத்திரை கொடுத்தால் வாயைத் திறப்பதில்லையாம். "சிஸ்டர் வரட்டும்," என்கிறாராம். நேற்று ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். மகள் போனில் அழுதாள். உண்மையைச் சொன்னது சரிதான் என்று பகலில் தோன்றுகிறது. விளக்கை அணைத்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்று. அன்றிலிருந்து காப்பகத்தில் யாரும் கதவைப் பார்ப்பதில்லை. தையல்காரம்மா நாள் முழுக்கக் கால்களை நீட்டியே வைத்திருக்கிறார். நான் தாண்டினால்கூட மடக்குவதில்லை. இன்று மெதுவாகக் கேட்டேன், "ஏம்மா, சிஸ்டர் எங்க?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதான் அனுப்பி வெச்சிட்டியே," என்றார்.

அதன் பிறகு உங்கள் மகன் வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மதியம் இரண்டு முறை செய்தேன், மாலையிலும் செய்தேன்.

வெளியூர் போயிருப்பீர்கள். மருமகளின் அம்மா வீட்டுக்குப் போவதாக ஒருமுறை சொன்னீர்கள். முழங்காலுக்கு எங்காவது சிகிச்சை நடக்கிறதோ என்னவோ. இப்படி நானாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்காரர் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வாருங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஐயாவுக்காக இரண்டு வரி எழுதுங்கள், மகள் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் சாப்பிடுவார். உங்களால் எழுத முடியாவிட்டால், இதைப் பிரித்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
டீச்சர்