டோக்கர்ன் ஏரிக்கரைக் காப்பி

அன்புள்ள அக்கா,

நேற்று டோக்கர்ன் ஏரியைச் சுற்றி நடந்தபோது, நாணலுக்கு நடுவே பலகைப் பாதையில் நீ எதிரே வருவதைப் பார்த்தேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் உன்னைப் பேசிய பேச்சுக்குப் பிறகு எந்த முகத்தோடு உன் எதிரில் நிற்பது? பக்கத்திலிருந்த பழைய கல் தேவாலயத்துக்குள் ஓடி, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இந்த வயதில்.

நீயும் உள்ளே வந்தாய். மணியடிக்கும் ஹில்டிங்கிடம் நீ சொன்னது கேட்டது.

"என் தங்கச்சி என்னைப் பாத்துட்டு இங்க வந்து ஒளிஞ்சிருக்கா. கூப்பிடாதீங்க, பாவம், கூச்சப்படுவா. இந்த ஃபிளாஸ்க்ல இருக்குற காப்பிய மட்டும் குடுத்துடுங்க."

"நீங்களே குடுக்கலாமேம்மா?"

"நான் குடுத்தா குடிக்க மாட்டா. வீம்பு."

நீ போன பிறகு அழுதுகொண்டே முழுவதையும் குடித்தேன். ஃபிளாஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. கொண்டுவந்து தர வெட்கமாக இருக்கிறது. நீயே வந்து வாங்கிக்கொண்டு போயேன்.

உன் தங்கை