மஞ்சள் மிதவைக்கு உள்ளே

மார்ச் 9, ஞாயிறு

வழக்கம்போல நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. இன்று அவள் பேனா இரண்டு தடவை நின்றது.

காலை ஒன்பதுக்குப் பல் டாக்டரின் பாய்ப் படகை எடுத்தோம். ஞாயிறு வந்தால் அவருக்குக் கடலில் சுற்ற வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சுக்கான் என் கையில். இன்று எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் பாய்ப் படகு நேரே போகாது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்துதான் ஏறும். ஒரு வளைவு கடற்படைத் துறைமுகத்தை நோக்கிப் போகும். அங்கே எல்லைக்கு மஞ்சள் மிதவை போட்டிருக்கிறார்கள். நான் மிதவையைப் பார்ப்பதில்லை. கரையில் தண்ணீர் டேங்க் சிவப்புப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும். அந்த இடத்தில் திருப்புவேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

இன்று திருப்பப் போகும்போது ரோந்துப் படகு குறுக்கே வந்தது. ஒலிபெருக்கியில், கையைத் தூக்கு என்றார்கள். தூக்கினேன். சுக்கானை விட்டால் படகு காற்றுப் பக்கம் திரும்பும். அந்தப் பக்கம்தான் அவர்கள் நின்றார்கள். நேரே அவர்கள் மேலேயே போனோம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் என் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கியைப் பிடித்தார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். நடுங்கும் கையில் துப்பாக்கி — அதுதான் பயம்.

படகைக் கட்டி இழுத்துப் போய்விட்டார்கள். என் படகோட்டி அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். மிதவைக்கு உள்ளே வந்தீர்களாம். எல்லையைத் தாண்டவில்லை என்றேன். யார் கேட்டது?

மார்ச் 10

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 11

படகுக் கிளப் செயலாளர் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த செவ்வாய் விசாரணை. குற்றம் என்று முடிவானால் படகு திரும்பாது, என் அட்டையும் திரும்பாது. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் படகு மட்டுமாவது தப்பும் என்று எனக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொன்னார்.

"அவருக்குக் கண் மங்கலை, உங்க நாக்குதான் நீண்டு போச்சு" என்றாள் மருமகள். டாக்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13

பஸ் ஏறித் தனியாகப் போய்க் கிளப் சுவரோரம் நின்று பார்த்தேன். கடற்படைத் துறைமுகத்தின் மூன்றாவது கிடங்குக் கூரை முனைக்கு நேரே நிற்க வேண்டிய மிதவை, நாலாவது கிடங்கையும் தாண்டி வெளியே நிற்கிறது. மிதவைதான் நகர்ந்திருக்கிறது, நான் இல்லை. கைதட்டலாம் போல இருந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இந்த வருஷம் புயல் இல்லையே. மிதவை எப்படி நகரும்?

ஜனவரி கடைசி ஞாயிறு. நாலு படகு சேர்ந்து போனோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நங்கூரம் போடச் சோம்பல்பட்டு, மிதவையிலேயே கட்டிவிட்டோம். கிளப்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அன்று கடல் வற்றும் நேரம், தண்ணீர் வெளியே இழுத்தது. நாலு படகின் பாரமும் ஒரே சங்கிலியில். அடியில் கிடக்கும் சிமெண்ட் கட்டை என்ன செய்யும், கூடவே வந்திருக்கும். முதல் கயிறு போட்டது யார்? இந்தக் கை.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

மார்ச் 14

டாக்டரிடம் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பெரியவரே, நகர்ந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அளந்து பார்த்தா அவங்களுக்கே தெரியும். ஏன் நகர்ந்துச்சுன்னு கேட்டா, தெரியாதுன்னுடுங்க. உங்களை யாரு குடையப் போறாங்க?"

சரி என்றேன். நியாயம்தானே? நியாயமா?

மார்ச் 18, செவ்வாய்

ஜன்னல் இல்லாத அறை, பக்கத்தில் டாக்டர். அதிகாரி வரைபடத்தை விரித்து, இதில் காட்டுங்கள் என்றார். "காகிதம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. கடல்ல காட்டுறேன்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரோந்துப் படகிலேயே கூட்டிப்போனார். டேங்க் புகைபோக்கிக்குப் பின்னால் மறைந்ததும், இங்கேதான் எல்லை என்றேன். கருவியில் பார்த்தார்கள். சரியாக எல்லை. மிதவை அங்கிருந்து எண்பது மீட்டர் வெளியே கிடந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதிகாரி என்னைக் கேட்கவில்லை. கதவருகே நின்ற நரைத்த மீசைக்காரரைத்தான் கேட்டார். மாதாமாதம் மிதவையைச் சரிபார்ப்பது அவர் வேலையாம். கெட்ட எண்ணத்தோடு எவனாவது நகர்த்தியிருந்தால்? நீ என்ன பார்த்துக் கையெழுத்துப் போட்டாய்? அந்த ஆள் விறைப்பாக நின்றார். கை மட்டும் அன்று மாதிரியே நடுங்கியது.

என்னைச் சுட இருந்தவர்தான். இருந்தாலும் —

"அவர் மேல தப்பில்லைங்க ஐயா. நான்தான் அதுல கயிறு கட்டினேன்."

எத்தனை படகு என்று அதிகாரி கேட்டார். ஒன்று என்றேன். ஒரு படகு அந்தக் கட்டையை இழுக்காது என்பது அவருக்கும் தெரியும். டாக்டர் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவரும் பேசவில்லை.

மார்ச் 22

படகை டாக்டரிடம் விட்டுவிட்டார்கள். என் அட்டை ரத்து. சுக்கான் பிடித்த கை, இன்று பீன்ஸ் நறுக்கிக் கொடுத்தது. கோணல் மாணலாக இருக்கிறதாம்.

மார்ச் 27

டாக்டரிடமிருந்து போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

செயலாளர் போனில் கத்தினார். நாலு படகு என்று டாக்டர் கடற்படைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம்; தன் படகை முதலில் போட்டு மற்ற மூன்றையும் வரிசையாக. நாலுக்கும் ஆறு மாதம் தடை. கிளப்பில் அவரோடு யாரும் பேசுவதில்லையாம்.

"அந்தாளுக்கு என்னய்யா வந்துச்சு?" என்று என்னைக் கேட்கிறார்.

காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். டாக்டர். கிளப் தொப்பியோடேயே வந்திருந்தார். உள்ளே வாங்க என்றேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மருமகள் டீ வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே கொடியில் போட்ட போர்வை காற்றில் உப்பியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தென்மேற்கு" என்றார்.

"கொஞ்சம் மேற்கு கூட" என்றேன்.