பந்து எப்படி வந்துச்சு?

ஜூன் 9, 1998, செவ்வாய்

காலையில் எழும்போதே முட்டி இரண்டும் சண்டைக்கு வந்தன. முப்பத்தொரு வயதில், பேஸ்பால் அணியில் கேட்சராக நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவனுக்கு வேறென்ன வரும்? பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எல்மோருக்கு இருபது பந்து பிடித்தேன். பந்தெறியும் பிட்சர், மிசிசிப்பிக்காரன், இருபது வயது. அவன் எறிந்தால் பந்து கையுறைக்குள் வெடிக்கிறது. முடிந்ததும், "தாத்தா, எழுந்திருக்கக் கிரேன் வரச் சொல்லட்டா?" என்றான். அவித்த கடலை ஒன்றை அவன் தலையில் வீசினேன்.

இதுவரை நல்ல நாள்தான். பிறகு மேனேஜர் ஆர்வில் கூப்பிட்டார். இங்கே எல்லோருக்கும் அவர் ஸ்கிப்.

"ராய்ஸ் வரான். முழங்கை சரியாயிடுச்சாம். இங்க மூணு ஆட்டம் எறிஞ்சு பாத்துட்டு மேல போவான்."

"சரி."

"நீதான் பிடிக்கணுமாம். பேர் சொல்லிக் கேட்டிருக்கான்."

பேர் சொல்லி! என்ன நெஞ்சழுத்தம் அவனுக்கு.

ஜூன் 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் சின்ன அணியைப் பண்ணை என்கிறார்கள். விளைந்தவர்களைப் பெரிய அணிக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். நான் விளையவில்லை. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்று, வளரும் பையன்களுக்குப் பந்து பிடித்துக்கொடுக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் விளைந்துதான் இருந்தேன். 92 ஆகஸ்ட். செப்டம்பர் ஒன்றாம் தேதி மேலே வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் ஹௌமாவில் அப்பா, இறால் படகைத் தவிர எதிலும் ஏறாத மனுஷன், என் ஆட்டம் பார்க்க விமானத்தில் வருவதற்கென்று நீலச் சட்டை வாங்கினார். எனக்குத் தோள்பட்டை போயிருந்தது. காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. அது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். என் அறைத்தோழன் ராய்ஸ், பிட்சர்.

கெஞ்சினேன். "டேய், இன்னும் கொஞ்ச நாள்தான்டா. ஒரே ஒரு ஆட்டம் மேல ஆடிட்டா போதும். ஏட்டுல பேர் ஏறிடும். அப்புறம் கை போனாலும் போகட்டும்." சரி என்றான். ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது நேராக மருத்துவ அறைக்குப் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டான். எனக்கு அறுவைச் சிகிச்சை. எனக்குப் பதிலாக வேறொரு கேட்சர் மேலே போனான். அதே விமானத்தில் ராய்ஸும் போனான்.

இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கையைத் தூக்கவே முடியாமல் போயிருக்கும் என்றார் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மேலே போகும் அந்தப் படியில் நான் மறுபடி கால் வைக்கவே இல்லை. அப்பாவின் சட்டையில் குண்டூசிகூட எடுக்கப்படாமல் இருக்கிறது. ராய்ஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டை அனுப்புகிறான். ஆறையும் பிரிக்காமலே குப்பையில் போட்டேன்.

ஜூன் 12

பல் விளக்கும்போதுகூட அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியில் நான்தான் தெரிகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

வந்துவிட்டான். எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தான். மரம் மாதிரி நின்றேன்.

மேலேயிருந்து காயம் ஆறி வருகிறவன் கீழே இருப்பவர்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். ராய்ஸ் சும்மா போடுவானா? புகையில் வாட்டிய மாட்டுக்கறி, வறுத்த கெளுத்தி, பீச் பழப் பணியாரம். தினமும் ரொட்டியும் கடலை வெண்ணெயும் தின்னும் பையன்கள் வாயெல்லாம் எண்ணெயாக அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எல்மோர் அவன் பக்கத்திலிருந்து நகரவே இல்லை.

"தாத்தா, நீ சாப்பிடலியா?"

"பசிக்கல."

மூலையில் உட்கார்ந்து என் கடலை வெண்ணெய் ரொட்டியைத் தின்றேன். கறி வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு துண்டுகூடத் தொடவில்லை. சின்னத்தனம்தான், இருக்கட்டும்.

ஜூன் 16

பகல் ஆட்டம். ராய்ஸ் மூன்று சுற்று எறிந்தான். ஒருவனும் அடிக்கவில்லை. கூட்டம் கத்தித் தீர்த்தது.

ஆனால் என் கையுறைக்கு வேறு கதை தெரியும். வளைபந்து கேட்டு விரல் காட்டினேன். தலையாட்டி மறுத்தான். மறுபடி காட்டினேன், மறுத்தான். மூன்றாம் தடவை வேறு வழியில்லாமல் எறிந்தான். வளைந்தது, கடைசி ஓரடியில் செத்துப்போய் விழுந்தது. உடனே வலது கையைத் தொடைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டை விரலால் சுண்டு விரலைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். ஓய்வில் தண்ணீர்க் கோப்பையை இடது கையால் எடுத்தான்.

சுண்டு விரல் மரத்துப்போகிறது. முழங்கை உள்ளே கிழிய ஆரம்பித்திருக்கிறது. இதற்கு முன் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரு மாதம் தாங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கிப் கேட்சரைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்பார். வேகத்தை ரேடார் துப்பாக்கி சொல்லிவிடும். பந்தில் உயிர் இருந்ததா என்பதைக் கையுறைக்குள் இருக்கும் கைதான் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வதை அவர் அப்படியே போனில் மேலிடத்துக்கு ஒப்பிப்பார்.

"பந்து எப்படி வந்துச்சு?"

ராய்ஸ் பக்கத்திலேயே நின்று முழங்கைக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்தான். என்னையே பார்த்தான்.

"உயிரோட வருது, ஸ்கிப்," என்றேன்.

ஜூன் 17

ஏன் அப்படிச் சொன்னேன்?

முதலில், போட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் நாக்கு துடித்தது. அவன் எனக்குச் செய்ததை அவனுக்கே செய்வது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? படம் எடுப்பார்கள், ஓய்வு கொடுப்பார்கள், அடுத்த வருடம் கை புதுசாகிவிடும். அது பழியா? அது உபகாரம்.

சொல்லாமல் விட்டால்—

அன்று வாயைத் திறந்து என்னைக் கவிழ்த்தான். நான் வாயை மூடிக்கொண்டே அவனைக் கவிழ்க்கிறேன். யாரும் என்னைக் கைநீட்டிக் குற்றம் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சுலபம்!

ஜூன் 21

ஐந்து சுற்று. இந்த முறை வளைபந்தை நானே நிறையக் கேட்டேன். வேண்டுமென்றேதான். ஒவ்வொன்றுக்கும் அவன் முகம் சுருங்கியது. எல்மோர் வேலியில் தொங்கிக்கொண்டு, "என்னமா எறியறான் பாரு!" என்று கத்தினான்.

"பந்து எப்படி வந்துச்சு?"

"போன தடவைய விட நல்லா வருது."

ராய்ஸ் போகாமல் கதவருகே நின்றான். தொப்பியைக் கழற்றினான், மாட்டினான்.

"நல்லா வந்துச்சுங்கற?" என்று என்னிடம் கேட்டான்.

"ஏன், உனக்கு சந்தேகமா?"

"இல்ல... உன் கைக்குத் தெரியாதது இல்லையேன்னு கேட்டேன்."

பயந்து சாகிறான்! நான் சொல்லிவிடுவேனோ என்று ஆழம் பார்க்கிறான். நன்றாகப் பயப்படட்டும். அன்று அவன் சொல்லிவிடுவானோ என்று எனக்கு இருந்ததும் இதே பயம்தான்.

ஜூன் 22

நன்றாகத் தூங்கினேன். ரொம்ப நாளைக்கப்புறம்.

ஜூன் 26

மூன்றாவது ஆட்டம். ஆறு சுற்று. மூன்றாம் முறையும் அதே பதிலைச் சொன்னேன். ஸ்கிப் போனில், "லைல் மூணு தடவையும் பாத்துட்டான். கை பிரமாதமா இருக்காம்," என்று சொல்வது எனக்குக் கேட்டது. என் பெயர் ஒருவழியாக மேலே போய்விட்டது.

கிளம்பும்போது ராய்ஸ் காரில் ஏறாமல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெட்டியை இடது கையில் பிடித்திருந்தான்.

"வேற ஏதாவது சொல்லணுமா என்கிட்ட?"

"பத்திரமா போ."

"அவ்வளவுதானா, லைல்?"

"அவ்வளவுதான்."

பெட்டியைக் காரில் வைத்தான். பிறகு போய்விட்டான். அவனுக்கு என்ன வேண்டும், பாராட்டுப் பத்திரமா?

ஜூலை 4

எல்லோரும் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை.

ஜூலை 11, சனி

உடை மாற்றும் அறைத் தொலைக்காட்சியில் மேல் அணி ஆட்டம். நான்காம் சுற்றில் ராய்ஸ் ஒரு வளைபந்து எறிந்தான். பந்து வேலிப்பக்கம் போயிற்று. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். எழுந்திருக்கவில்லை. மறுபடி மறுபடி காட்டினார்கள். எல்மோர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தேன். உரிப்பதை நிறுத்தவில்லை.

ஜூலை 14

இனிக்கும் என்று நினைத்தேன். இனித்தது. என் நாட்குறிப்பிலேயே நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? மூன்று நாளாக இனிக்கிறது. நரம்பெல்லாம் கந்தலாகிவிட்டதாம், இனி பந்தே தொட முடியாதாம். கேட்கக் கேட்க இனிக்கிறது.

அப்பாவுக்கு போன் போட்டேன். அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பாத்தேன்டா. பாவம்டா அந்தப் புள்ள."

"பாவமா? உங்க சட்டை பெட்டியிலயே கெடக்கறதுக்கு அவன்தான்பா காரணம்."

"சட்டைய விடுறா. ஊருக்கு வந்தா உன்னால இப்ப படகுல வலை தூக்க முடியுதுல்ல? நான் அதத்தான் பாக்கறேன்."

பேச்சை மாற்றிவிட்டேன். கிழவருக்கு வயதாகிவிட்டது.

ஜூலை 29

மதியம் அலுவலகத்தில் எனக்கு போன் என்றார்கள். ராய்ஸ்.

குரலே அவனுடையது மாதிரி இல்லை. நலம் விசாரித்தான். எல்மோரைப் பற்றிக் கேட்டான்.

"லைல், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அங்க எறிஞ்சப்ப உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"என்ன தெரியணும்?"

"விரல் மரத்துப் போச்சுடா எனக்கு. முதல் நாள்லேர்ந்தே. என் வாயால சொல்ல வரல. எல்லாரும் என்ன நம்பிக்கிட்டு இருந்தாங்க. பயம், வெக்கம், என்னமோ ஒண்ணு. அதான் உன்னப் பிடிக்கச் சொல்லிக் கேட்டேன். உன் கை கண்டுபிடிச்சிடும், நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன். அன்னைக்கு உனக்கு நான் சொன்ன மாதிரி."

சுவரில் யாரோ பென்சிலால் எழுதியிருந்த போன் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொரு தடவையும் பக்கத்துலயே நின்னேன்டா. இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்தான்டா, தெரிந்தேதான்டா செய்தேன் என்று கத்தியிருக்கலாம். அதற்காகத்தானே ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்?

"இல்ல ராய்ஸ்," என்றேன். "பந்து நல்லாத்தான் வந்துச்சு."

பெருமூச்சு விட்டான். "அப்ப சரி. உன் கைக்கே தெரியலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. நீ இத மனசுல போட்டுக்காத, என்ன?"

போனை வைத்துவிட்டான். நம்பிவிட்டான், பாவி!

ஜூலை 30

இனிப்பு போய்விட்டது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

எல்மோரை ஒன்றாம் தேதி மேலே கூப்பிடப் போகிறார்கள். அவன் அம்மா விமானச் சீட்டு வாங்கிவிட்டாள். இரண்டு வாரமாக எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இன்று ஆறாம் சுற்றில் அவன் பந்து கடைசி ஓரடியில் செத்து விழுந்தது. வளைபந்து கேட்டேன், மறுத்தான். கை தொடைக்குப் பின்னால் போயிற்று. கட்டை விரல் சுண்டு விரலைத் தேய்த்தது.

சுற்று முடிந்து வரும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறான்.

"தாத்தா, ஒண்ணும் இல்ல. சும்மா மரத்துப் போகுது, அவ்வளவுதான். இன்னும் ஒன்பது நாள்தான் தாத்தா. உன் கால்ல வேணா விழறேன்."

ஒன்பது நாள். விரல் விட்டு எண்ணியிருக்கிறான், நான் அன்று எண்ணிய மாதிரியே.

"பந்து எப்படி வந்துச்சு?" என்று ஸ்கிப் கேட்டார். எல்மோர் கதவருகே நின்று என்னையே பார்த்தான். தலையை மெல்ல இல்லை, இல்லை என்று ஆட்டினான்.

"செத்து வருது, ஸ்கிப். விரல் மரத்துப் போகுது அவனுக்கு. இனிமே ஒரு பந்துகூட எறிய விடாதீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க."

பஸ்ஸில் எல்மோர் என் இருக்கையைத் தாண்டிப் போகும்போது என் காலருகே துப்பினான். "உன்ன நம்பினேன் பாரு. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்டா, கெழவா," என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். நான் ஆறு வருடம் கண்ணாடியில் பார்த்த கண்.

கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஓர் அட்டை அனுப்ப வேண்டும். பிரிக்க மாட்டான், தெரியும்.