மாப்பிள்ளை என்றால் குதிரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா தானும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், குதிரைகள் எங்கள் இரண்டு பேரையும் விடச் சௌக்கியம். உன் நலமும் உன் வீட்டுக்காரர் நலமும் கேட்கலாம் என்றால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் என் ஆவல் பாதி கோபமாகத் திரிந்து போயிருக்கிறது, பாலாக இருந்தால் கீழே கொட்டியிருப்பேன். போனை வெட்டிவிடலாம், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்த ஒரு வரியை இங்கேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உன் அப்பா மாப்பிள்ளை என்று சொன்னது குதிரையை. உன் வீட்டுக்காரரை அல்ல. இதைப் படித்த பிறகும் லீவுக்கு வரமாட்டேன் என்றால் அது உன் இஷ்டம், ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டு வராமல் இரு.

நீ போன தடவை வந்துபோன பிறகு வந்து சேர்ந்தவன் இவன், அதனால் உனக்குத் தெரியாது. நமக்குச் சேணம் தைத்துக் கொடுப்பவருக்குத் தெரிந்த ஒரு பெரிய வீட்டில், பிள்ளைகள் வளர்ந்து கால் தரையில் தேய ஆரம்பித்ததும், இனி எதற்கு என்று சும்மாவே கொடுத்துவிட்டார்கள். வெல்ஷ் போனி என்கிற குட்டைக் குதிரை ஜாதி, ஆண், சாம்பல் கலந்த வெள்ளை, சின்னத் தலை, பெரிய கண், சீவிச் சிங்காரித்த பிடரி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், உன் அப்பா இரண்டு தடவை பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கியதும் அவன் லாயத்தை ஒரு சுற்றுப் பார்த்தான், தண்ணீர்த் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிறகு என்ன கொண்டுவந்து வைக்கப் போகிறீர்கள் என்கிற மாதிரி நின்றான். லத்தி அள்ளுகிற பெண் அதைப் பார்த்துவிட்டு, "வேலைன்னு ஒண்ணும் செய்யாது, வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்துடணும், சரியான மாப்பிள்ளைதான்" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா, மாப்பிள்ளைக்கு இருமல் நின்னுச்சா என்று உன் அப்பா கேட்காத நாள் இல்லை. உனக்குப் படம் அனுப்பச் சொன்னேன், தன் கட்டைவிரலைப் படம் பிடித்து அனுப்பினார், நீயும் ரொம்ப அழகா இருக்கு என்று பதில் போட்டாய். இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. நம்மிடம் சவாரி பழக வருகிற பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் போனி சிறியதாகிவிடுகிறது, பெரிய குதிரையைக் கண்டால் பயப்படுகின்றன, இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும், மாப்பிள்ளையை ஒரு பெரிய பெண் குதிரையோடு சேர்த்தால் அப்படி ஒரு குட்டி கிடைக்கும் என்றார். யோசனையில் தப்பில்லை. ஆண் சிறியதாகவும் பெண் பெரியதாகவும் இருப்பதுதான் தாய்க்கு நல்லது, குட்டி அவள் வயிற்றுக்குத் தகுந்த அளவில்தான் வளரும் என்று குதிரை டாக்டரும் சொன்னார். அதோடு விட்டார்களா. எந்த ஜாதிப் பெண் என்று ஆரம்பித்தார்கள் பார், உன் கல்யாணத்துக்குக்கூட இவர்கள் இவ்வளவு அலையவில்லை. உன் மாமா, என் உடன்பிறப்பு, ரேஸ் குதிரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஓட்டம் வரும், நெஞ்சு வரும், நடை வரும் என்றான். கோபமும் வரும், பிள்ளைகள் முதுகில் ஏறியதும் எங்கே போகும் என்று தெரியாது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அரபுக் குதிரைதான் பொருத்தம், வெல்ஷ் ஜாதிக்கும் அதற்கும் முகவெட்டே ஒத்துப்போகும், தாங்கும் சக்தியும் உண்டு என்றார் டாக்டர். பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்து நம் வீட்டு நாற்காலியைச் சூடாக்குகிற உன் அத்தை, எந்த ஜாதியாக இருந்தாலும் நிறம் வெளுப்பாக இருக்கட்டும் என்றாள்.

மாமா சும்மா இருப்பானா, ரேஸ் குதிரை வைத்திருப்பவருக்குத் தானே போன் போட்டான். இந்தத் தொழிலில் உயரத்தைக் கைக்கணக்கில் சொல்வார்கள், ஒரு கை என்றால் உள்ளங்கையின் அகலம், இது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். உன் மாமா கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே கையை விரித்துச் சாண் சாணாக அளந்துவிட்டு, எங்க ஆளு அஞ்சரை கை உயரம் என்றான். அவர், "நீங்க சொல்றது குதிரையா நாய்க்குட்டியா" என்று கேட்டிருக்கிறார். இவன் விட்டுக்கொடுக்காமல், "உயர்ந்த ஜாதிங்க" என்றிருக்கிறான். "உயரமே இல்லை, அதுல என்ன உயர்ந்த ஜாதி" என்று அவர் வைத்துவிட்டார். உன் அப்பா மறுபடி கூப்பிட்டுச் சரியான அளவைச் சொல்லிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெண்ணின் வயிற்றுக்குக் கீழே நம் மாப்பிள்ளை குனியாமல் போகலாம் போலிருந்ததாம். அதற்கும் அசராமல், மாப்பிள்ளை ஏறி நிற்கட்டும் என்று லாயத்துக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி ஒரு மேடு கட்டினார். மாப்பிள்ளை அதன் மேல் ஏறி நின்று அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்தான். என்னை விடக் குட்டையான மனிதரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் நான் குடித்தனம் நடத்தவில்லையா, எனக்கு யார் மேடு கட்டினார்கள் என்று கேட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டாக்டர் மாப்பிள்ளையைச் சோதித்துப் பார்க்க வந்திருந்தார். உன் அப்பாவின் கை முழுக்கத் தைலம், போன் தீவனப் பெட்டி மேல் கிடந்தது. நீ கூப்பிட்டிருக்கிறாய், அவர் முழங்கை பட்டு அது எடுத்துக்கொண்டுவிட்டது, அது அவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரையும் மாமாவையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டு, அப்பா பேசியதில் உன் காதில் எது விழுந்திருக்கும் என்று கண்டுபிடித்துவிட்டேன். "டாக்டர் பாத்துட்டார், மாப்பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்ல. உயரம்தான் கம்மி, அதுக்கு என்ன பண்றது. வயசு ஏறிக்கிட்டே போகுது, இனிமே தள்ளிப்போட முடியாது. இவ சரிப்பட்டு வரலைன்னா வேற எடம் பாத்துட வேண்டியதுதான்." இவள் என்றது டாக்டர் சொன்ன அரபுக் குதிரையை. சமையலறையில் நீயும் உன் வீட்டுக்காரரும் சாப்பாட்டுத் தட்டோடு நின்று இதைக் கேட்டால் என்ன நினைப்பீர்கள். அவரும் நெட்டை இல்லை, அதற்கு நான் என்ன செய்ய. அப்பா பேசியதை ரெண்டு பேரும் கேட்டோம், லீவுக்கு வரவில்லை என்று மட்டும் நீ எழுதி அனுப்பினாய். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அதை ஒளிக்க மாட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

உன் அப்பா தீவனப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் அப்படிச் சொல்வேன்னு எப்படி நெனச்சா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் சொன்னேன், ஏன் நினைக்க மாட்டாள், உங்கள் அக்கா அவள் எப்போது வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னே ஏதாவது விசேஷமா என்று கேட்கிறார், போனில் கேட்கிறார், அவள் அனுப்புகிற படத்தில் வயிற்றைப் பார்க்கிறார், அப்போதெல்லாம் நீங்கள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டீர்கள், பேப்பருக்குப் பின்னால் இருக்கிறவர் என்ன நினைக்கிறார் என்று பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், ஆனால் இது ஊர் வாய் இல்லையே, நம் வீட்டு வாய். குதிரையைப் பற்றிச் சொன்னதை உன்னைப் பற்றிச் சொன்னதாக நீ நம்பினாய், நம்பும்படியாகத்தான் நாங்கள் இருந்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

இதன் நடுவே அரபுக் குதிரைக்காரர் கொடுக்க முடியாது என்றுவிட்டார், பார்ப்பதற்காக இங்கே கொண்டுவந்த ரேஸ் குதிரை அந்த மண்மேட்டை ஒரு உதையில் கலைத்துவிட்டுப் போய்விட்டது. அப்பாவுக்கு நம் டீச்சர் ஞாபகம் வந்தது. அதுதான், உனக்கும் உனக்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கும் சவாரி கற்றுக்கொடுத்த நம் கிழட்டுப் பழுப்புக் குதிரை. ஜாதி என்ன என்று யாருக்கும் தெரியாது, குணத்தில் அவளைப் போல ஒன்று கிடையாது, குட்டி தாயைப் பார்த்துத்தானே பழகும், அவளையே சேர்த்தால் என்ன என்றார். டாக்டர் அவளைத் தடவிப் பார்த்துவிட்டு, முதல் குட்டிக்கு இந்த வயசு ரொம்ப அதிகம், உயிருக்கே ஆபத்தாகலாம், விட்டுடுங்க என்றார். உடனே லாயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மனம் இளகிவிட்டது. மாமா அவள் நெற்றியைச் சொறிந்துகொடுத்தான். உன் அத்தை முன்னால் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "குட்டி போட்டாத்தான் குதிரையா, அவளுக்கு என்ன குறைச்சல், அவ பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டும், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. நான் கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். "அண்ணி, இந்த வார்த்தையைக் கேக்கறதுக்கு என் பொண்ணு நாலு காலோட பொறந்திருக்கணும் போல" என்றேன். டாக்டர் தன் பையில் எதையோ தேட ஆரம்பித்தார். அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று, "நான் அக்கறையாத்தானே கேக்கறேன்" என்றாள். அக்கறை என்றால் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கணும் என்று நான் சொல்வதற்குள், உன் அப்பா, அந்தப் பேப்பர் மனிதர், "அக்கா, இனிமே என் பொண்ணுகிட்ட யாரும் அதைக் கேக்கக் கூடாது. நீயும்தான்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் தன் அக்காவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அத்தை அன்று டீ குடிக்காமலே போய்விட்டாள், மறுநாள் வந்து இரண்டாகக் குடித்தாள்.

கடைசியில் பெண் அமைந்தது எங்கே தெரியுமா, நாம் ரொட்டி வாங்குகிற கடையில். ரொட்டிக்காரரின் வண்டி இழுக்கிற குதிரை, அரபும் வண்டிக் குதிரையும் கலந்தவள், அகன்ற முதுகு, உருண்ட குளம்பு, பக்கத்தில் லாரி போனாலும் காதை மட்டும் அசைப்பாள். மாப்பிள்ளையை விடக் கொஞ்சம்தான் உயரம், மேடும் வேண்டாம் பள்ளமும் வேண்டாம். ஏற்கெனவே இரண்டு குட்டி ஈன்றவள், இரண்டும் சாது என்று டாக்டரே போய் விசாரித்தார். மாப்பிள்ளை பிடரியைச் சிலுப்பிக்கொண்டு பக்கத்தில் போனான், அவள் அவன் விலாவில் ஒரு உதை கொடுத்தாள், அதற்குப் பிறகு மரியாதையாகப் பழகினான். பலித்ததா இல்லையா என்று இன்னும் தெரியாது, அவளிடம் போய் யாரும் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருக்கிறார். அத்தை இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

லீவுக்கு வா. உன் வீட்டுக்காரரிடம் நடந்ததை அப்படியே சொல், அவர் சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன், சிரிக்காவிட்டால் என்னிடம் பேசச் சொல். உன் அப்பா தானே போன் பண்ணிச் சொல்லத் தைரியமில்லாமல், "வரச் சொல்லு, வந்து எங்கிட்ட சண்டை போடட்டும், பரவாயில்ல" என்று நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீ வந்த பிறகு யாராவது ஏதாவது கேட்டால் நீ வாயைத் திறக்காதே, பதில் சொல்ல நான் இருக்கிறேன், எனக்கும் ரொம்ப நாளாகச் சில பதில்கள் பாக்கி நிற்கின்றன. உனக்கு வர மனமில்லை என்றாலும் சரி, கோபித்துக்கொள்ள மாட்டேன், நான் கிளம்பி அங்கே வருகிறேன், குதிரைகளை இவர்களே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் லீவு நேரத்தில் டிக்கெட் குதிரைக்கொம்பு, யார் வருவது என்று சீக்கிரம் முடிவு பண்ணி எழுது. போனை எடு. வெறும் வயிற்றில் காப்பி குடித்துக்கொண்டு இருக்காதே.

நீயும் அவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு, நெடுநாள் நன்றாக இருங்கள். என் வாழ்த்து இவ்வளவுதான். எதையும் எழுத மறந்துவிடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா